மூன்றாம் வீட்டுக் கட்டில்

முதலில் கையை எடுத்தவர் நாலாம் வீட்டு மந்திரமூர்த்தி. கதை எங்கெங்கே சுற்றி எப்படி முடிந்தாலும் இதை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முதல் வரியிலேயே அவர் பெயர் சொல்லப்படுகிறது.

கோவில்பட்டிக்கு மேற்கே ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனால் எட்டு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற ஓட்டு லைன் ஒன்று இருக்கிறது. எட்டு வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே குழாய். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் எழுப்பிய சுவர் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் போய் அப்படியே நின்றுவிடும், அதற்கு மேல் கூரை வரைக்கும் வெறும் காற்றுதான், அதனால் முதல் வீட்டில் தாளித்தால் எட்டாம் வீட்டில் தும்முவார்கள். புரட்டாசி முடிவதற்குள் அவரவர் வீட்டு உடைந்த ஓடுகளை அவரவர் மாற்றிவிட வேண்டும், ஏறுகிறவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஏணி பிடிக்க வேண்டும், பிடித்தவர் காலடியில் பாம்பே போனாலும் கையை எடுக்கக் கூடாது என்பது அந்த லைனில் யாரும் எழுதி வைக்காத, ஆனால் எல்லாரும் அறிந்த சட்டம்.

அந்த வருஷம் மூன்றாம் வீட்டு ஆவுடையப்பன் ஏணியில் ஏறினார். அவர் சைக்கிளில் உப்பு விற்கிறவர், வயது அறுபத்தொன்று, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மந்திரமூர்த்தி. கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர், மனைவியை இழந்தவர், பக்கத்தில் வந்து நின்றாலே வெல்ல வாசம் அடிக்கும். மேலே ஆவுடையப்பன் ஐந்தாவது ஓட்டை உருவிக் கையில் எடுத்த நேரம் பார்த்து, தெருமுனையில் மேளம் கேட்டது, சங்கு கேட்டது, அம்மன் சப்பரம் திரும்பியது. அம்மனைப் பார்த்ததும் மந்திரமூர்த்தி, பிறந்ததிலிருந்து செய்து பழகினதைப் போல, ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

ஏணி சரிந்தது. ஆவுடையப்பன் விழுந்தார். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்டது என்று வடிவு இன்றைக்கும் சொல்லுவாள். வடிவு அவர் மனைவி.

"ஒரு கையால கும்பிட்டா அம்மன் கோவிச்சுக்கிடுமா வே?" என்று தரையில் கிடந்தபடியே கேட்டார் ஆவுடையப்பன்.

"சாமியை ஒத்தக் கையால யாராச்சும் கும்பிடுவாகளா அண்ணாச்சி?" என்றார் மந்திரமூர்த்தி, அழுதுகொண்டே, இன்னும் கையை இறக்காமல்.

அத்தோடு பேச்சு நின்றது. அன்றைக்கு மந்திரமூர்த்தி சொல்லவேண்டியது ஒரு வார்த்தை. சொல்லவில்லை. சொன்னால் அம்மனைக் கும்பிட்டது தப்பு என்று ஆகிவிடுமோ என்று அவர் பயந்தார். சொல்லாமல் விட்டால் மனுஷன் விழுந்தது தப்பில்லை என்று ஆகிவிடும் என்று ஆவுடையப்பன் நினைத்தார். ரெண்டு பேர் நினைத்ததும் நியாயமாக இருந்ததால்தான் இது இத்தனை நாள் இழுத்தது.

எலும்பு வைத்தியர் வந்தார், முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் குழைத்துத் துணியில் தடவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார், ரெண்டு மாசம் காலை ஊன்றக் கூடாது, கால் உசரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆவுடையப்பன் கயிற்றுக் கட்டிலில் படுத்தார்.

ரெண்டு மாசத்தை எப்படிக் கழிப்பது? டிவி ரிப்பேராகி மூன்று வருஷம் ஆகிறது, போனில் பேசத்தான் முடியும். ஆகவே காசு செலவில்லாத வழிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். கூரையில் இருக்கும் ஓடுகளை எண்ணினார், எண்ணி முடித்ததும் தப்பாக எண்ணிவிட்டதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி எண்ணினார். கேட்டில் போகிற ரயிலைச் சத்தத்தை வைத்தே இன்ன ரயில், இன்றைக்கு இவ்வளவு நேரம் தாமதம் என்று சொன்னார். புளியங்கொட்டையை வைத்துத் தனக்குத் தானே ஆடுபுலி ஆடினார், அதிலும் புலிப்பக்கம் கொஞ்சம் கள்ளாட்டம் ஆடினார். வடிவு வாங்கி வருகிற சாமான் கட்டின காகிதங்களை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்; எழுத்து எழுத்தாகப் படிக்கிறவருக்கு ஒரு துண்டுக் காகிதம் மத்தியானம் வரைக்கும் வரும், கடைசி வரி கிழிந்துபோயிருந்தால் அந்தச் செய்தி என்னவாகி முடிந்திருக்கும் என்று யோசிப்பதில் சாயங்காலமும் போய்விடும்.

எல்லாவற்றிலும் மலிவானதும் ருசியானதும் ஒன்று உண்டு. தனக்குத் தப்புச் செய்தவர்களை வரிசையாக நினைத்துப் பார்ப்பது. மூன்றாம் வகுப்பில் சிலேட்டை உடைத்துவிட்டு இவர் பெயரைச் சொன்ன பையனில் தொடங்கி, மச்சினன் கல்யாணப் பந்தியில் இவர் இலையை மட்டும் தாண்டிப் பாயசத்தை ஊற்றிக்கொண்டு போனவன் வரைக்கும், ஒருத்தரையும் விடாமல், அவரவர் சட்டை நிறத்தோடு நினைவில் வைத்திருந்தார். வரிசையின் கடைசியில் மந்திரமூர்த்தி நின்றார், ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

மூன்றாம் நாள் காலையில் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் கட்டில் நாலு விரல்கடை மேலே ஏறியிருந்தது.

வடிவு காப்பி கொண்டுவந்தவள், வழக்கமாகக் குனிந்து கொடுக்கிற இடத்தில் குனியவேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனித்தாள். கட்டிலின் நாலு காலும் தரையில் இல்லை. அடியில் விளக்குமாற்றை விட்டுப் பெருக்கினாள், தடங்கல் இல்லாமல் போனது.

"பெருக்குறதுக்குச் சௌகரியமாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாளும் நாலு விரல்கடை. அதற்கு மறுநாளும் நாலு விரல்கடை. ஒரு வாரத்தில் வைத்தியர் வந்து பார்த்தார்; அவர் இடுப்பளவுக்கு வந்திருந்த கட்டிலைச் சுற்றி வந்து, காலில் போட்ட கட்டை அமுக்கிப் பார்த்து, விரலை ஆட்டச் சொல்லி, திருப்தியாகத் தலையாட்டினார். "கால் உசரத்துல இருக்கணும்னு நான்தானே சொன்னேன். எல்லாரும் தலகாணி வைப்பாக. நீங்க கட்டிலையே ஏத்திட்டீக. நல்லதுதான்."

வைத்தியரே சொன்ன பிறகு லைனில் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. கட்டில் ஏன் ஏறுகிறது என்பதை விட, கட்டிலுக்கு அடியில் இவ்வளவு இடம் கிடைத்திருக்கிறதே, இதை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் எட்டு வீட்டுக்கும் பேச்சாக இருந்தது. அந்த வீடுகளில் காலை நீட்டினால் அடுப்பு இடிக்கும். இப்போது மூன்றாம் வீட்டில் ஒரு கட்டில் நிழலளவுக்குப் புதிதாக ஒரு அறையே கிடைத்த மாதிரி ஆனது. ஆறாம் வீட்டுச் செல்லத்தாய், கம்பெனியிலிருந்து தோல் நீக்கித் தர வாங்கி வந்த வறுகடலை மூட்டைகளைக் கொண்டுவந்து அங்கே அடுக்கினாள். பிறகு அவளும் வந்து அங்கேயே உட்கார்ந்து கடலையை உள்ளங்கையில் உரசித் தோலை ஊதினாள். அப்புறம் நாலைந்து பெண்கள் சேர்ந்தார்கள். கடலைத்தோல் பறந்துபோய் மேலே படுத்திருக்கிறவர் மூக்கில் ஒட்டியது.

"கீழ என்ன நாடகமா நடக்கு?" என்பார் மேலேயிருந்து.

"நீங்க மேல பால்கனி டிக்கெட் வாங்கின ஆளு அண்ணாச்சி, பேசாமப் பாருங்க" என்பாள் செல்லத்தாய்.

சாப்பாடு தூக்குவாளியில் கயிறு கட்டி மேலே போனது. மற்ற காரியங்களுக்கு வேறொரு வாளியும் வேறொரு கயிறும் இருந்தன. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்வது மரியாதையாக இருக்காது.

ஒரு மாசம் ஆகப்போகிற சமயத்தில் ஒரு நாள் காலையில் ஆவுடையப்பன் தலையைத் திருப்பினார், சுவர் முடிந்துபோயிருந்தது.

எட்டு வீடும் தெரிந்தன. ரயில் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது போல ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு அடுப்பு, ஒரு கொடி, கொடியில் ஒரு சேலை, ஒரு பானை, ஒரு சண்டை, சுவரின் தலையில் பல வருஷமாகக் காணாமல் போயிருந்த சாவிக்கொத்து, பம்பரம், ரெண்டாம் வீட்டுக்காரர் பெண்டாட்டிக்குத் தெரியாமல் வைத்திருந்த பீடிக்கட்டு, நாலு குட்டி போட்டுப் படுத்திருந்த ஒரு பூனை. அன்றைக்கே அவர் எல்லாச் சாமானையும் உரியவர்களுக்குச் சொல்லி எடுக்கவைத்தார். பீடிக்கட்டை மட்டும் சொல்லவில்லை. ரெண்டாம் வீட்டுக்காரர் அவருக்குத் தப்பு எதுவும் செய்ததில்லை.

அன்றே பெண்கள் கூடி ஒரு ஏற்பாடு செய்தார்கள். குளிக்கிற, உடுத்துகிற காலை நேரத்தில் செல்லத்தாய் தட்டில் கரண்டியால் ஒருமுறை அடிப்பாள், அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். ரெண்டுமுறை அடித்தால் எடுக்கலாம். ஆவுடையப்பன் அந்த ஏற்பாட்டை ஒருநாளும் மீறியதில்லை. மற்ற நேரமெல்லாம் அவர் லைனுக்குக் காவலாளி மாதிரி இருந்தார். "அஞ்சாம் வீட்டுப் பாலு பொங்குது!" "ஏழாம் வீட்ல குக்கரு நாலு விசில் ஆயிட்டு, அணைங்க!" "வே, எட்டாம் வீட்டுக்காரரே, கண்ணாடியைத் தேடாதீரும், உம்ம தலையிலதான் இருக்கு!" முதல் வீட்டில் சொன்ன சேதி அவர் வாய் வழியாக எட்டாம் வீட்டுக்குப் போனது, போகிற வழியில் கொஞ்சம் உப்பும் சேர்ந்தது. ஐப்பசி மழை பிடித்தபோது எந்த ஓட்டில் ஒழுகுகிறது என்று அவர் படுத்த இடத்திலிருந்தே விரலை நீட்டிச் சொன்னார். இத்தனை வருஷம் தெருத்தெருவாக உப்பு உப்பு என்று கூவியும் யாரும் நிமிர்ந்து பார்க்காத மனுஷனை இப்போது எட்டு வீட்டுக்காரர்களும் எது என்றாலும் முதலில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நாலாம் வீட்டை மட்டும் அவர் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் கண்ணை மூடிக்கொள்வார். பார்க்காமலேயே அங்கே ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஆணியில் ஒரு கண்ணாடி, வழுக்கை விழுந்த ஒரு உச்சந்தலை இருப்பது அவருக்குத் தெரிந்துபோயிருந்தது என்பது வேறு விஷயம்.

தினம் சாயங்காலம் மந்திரமூர்த்தி வேலையிலிருந்து வரும்போது கடலைமிட்டாய் உடைசல் ஒரு பொட்டலம் மூன்றாம் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். வடிவு எடுத்துக்கொள்வாள்.

"வார்த்தைக்குப் பதிலா மிட்டாய் குடுக்கானாக்கும்? எனக்கு வேண்டாம்" என்பார் மேலேயிருந்து.

"உங்களுக்கு யாரு குடுத்தா? இது எனக்கு" என்பாள் வடிவு கடித்துக்கொண்டே.

ஒருநாள் காலை, தட்டில் ஒருமுறை அடித்தாயிற்று, துண்டு முகத்தில் இருக்கிறது, குழாயில் தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம், அந்தச் சத்தத்துக்குக் கீழே நாலாம் வீட்டுப் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பு. கண்ணை மூடத்தான் சொல்லியிருக்கிறார்கள், காதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆவுடையப்பன் கேட்டார்.

"அண்ணாச்சி, வணக்கம்... வணக்கம் வேண்டாம். அண்ணாச்சி, நல்லாருக்கீகளா... கால் ஒடிஞ்சவரை நல்லாருக்கீகளான்னு கேக்கக் கூடாது. அண்ணாச்சி, அம்மன் வந்துச்சு..." ஒரு பெருமூச்சு. "அம்மன் வந்துச்சு, நான் கும்பிட்டேன். கும்பிட்டது தப்பில்ல. ஆனா..." அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சாப்பாட்டுத் தூக்குச் சத்தம், கதவுச் சத்தம், செருப்புச் சத்தம்.

மந்திரமூர்த்தி கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறார். கம்பெனிக்குக் கிளம்பும் முன், அண்ணாச்சி முகத்தில் துண்டு கிடக்கிற அந்த நேரத்தைப் பார்த்து.

மறுநாளும் வந்தது முணுமுணுப்பு. முந்தின நாளை விடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அதற்கு மறுநாள் வேறு மாதிரி தொடங்கி, பாதியில் குழம்பி, திரும்பவும் அம்மனில் வந்து நின்றது. ஆவுடையப்பனுக்கு ஓடு எண்ணுவது மறந்தது, ரயில் மறந்தது, புளியங்கொட்டை மறந்தது, சிலேட்டை உடைத்தவனும் பாயசக்காரனும் கூட மறந்துபோனார்கள். எப்போது விடியும், எப்போது தட்டில் அடிப்பாள் என்று காத்துக்கிடந்தார். துண்டுக்கு அடியில் முகத்தைச் சுளித்தார், உதட்டைக் கடித்தார், சில நாள் தலையாட்டினார். 'இன்னைக்குப் பரவால்ல' என்று நினைத்துக்கொள்வார். 'அந்த இடத்துல அம்மனை இழுக்காம நேரா ஏணிக்கு வந்திருக்கணும்' என்று நினைத்துக்கொள்வார். ஒருநாள் மந்திரமூர்த்தி தன் மனைவி செத்தபோது அண்ணாச்சிதான் முதல் ஆளாக வந்து தோளில் கை வைத்தார் என்று சொல்லத் தொடங்கி அழுதுவிட்டார். அன்றைக்குச் செல்லத்தாய் ரெண்டுமுறை அடித்த பிறகும் ஆவுடையப்பன் வெகுநேரம் துண்டை எடுக்கவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் வந்தபோது பேச்சு கிட்டத்தட்ட முழுசாகியிருந்தது. "அண்ணாச்சி, அம்மன் வந்துச்சு. கும்பிட்டது தப்பில்ல. ஆனா ஏணியைப் பிடிச்சிருந்தவன் நான். 'அண்ணாச்சி, கையை எடுக்கேன், பிடிச்சுக்கோங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கும்பிட்டிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு. என்னை..."

அதோடு நின்றது. கடைசி வார்த்தை வரவில்லை. மறுநாளும் 'என்னை'யில் நின்றது. அதற்கு மறுநாளும். பாகு பதம் வருவதற்கு ஒரு கொதி இருக்கும்போது அடுப்பை அணைத்தது போல.

அந்த வாரம் கட்டில் இறங்கத் தொடங்கியது.

ஏறும்போது நாலு விரல்கடையாக ஏறியது இறங்கும்போது ஒரு சாணாக இறங்கியது. வைத்தியர் கேள்விப்பட்டு வந்து, எலும்பு கூடிவிட்டது, இனிமேல் உசரம் வேண்டாம் என்று கட்டிலுக்கே தெரிந்திருக்கிறது என்றார். லைனே சோர்ந்துபோனது. "மதினி, இன்னும் ரெண்டு மூட்டை கிடக்கு, பத்து நாள் இருக்கக் கூடாதா?" என்று செல்லத்தாய் வடிவிடம் கேட்டாள், கட்டிலை வடிவுதான் இறக்குகிறாள் என்பது போல. பால் பொங்கி வழிந்தது. குக்கர் அடிப்பிடித்தது. எட்டாம் வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடிக்கொண்டே திரிந்தார். ஆனால் அவர்கள் எல்லாரையும் விட அதிகம் கலங்கியவர் ஆவுடையப்பன்தான். தலை சுவருக்குக் கீழே போய்விட்டால் முணுமுணுப்பு கேட்காது. கடைசி வார்த்தை வருகிறதா என்று தெரியாமலே போய்விடும்.

"வைத்தியரே, வலி இன்னும் இருக்கு" என்றார். "உள்ளுக்குள்ள விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. கட்டு இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும்."

வைத்தியர் ஸ்டூலில் ஏறிக் காலை அமுக்கினார். "இங்கயா?"

"ஆமா."

"இது நல்ல காலு" என்றார் வைத்தியர். "ஒடிஞ்சது வலது. ஏமாத்துறதுக்கும் ஒரு கணக்கு வேணும்."

வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒருநாள் ஆவுடையப்பன் தலை சுவருக்குக் கீழே இறங்கியது. அன்றைக்குக் காலையில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் வந்தது.

ரெண்டு மாசம் முடிந்த அன்று கட்டிலின் நாலு காலும் தரையில் உட்கார்ந்தன, வைத்தியர் கட்டைப் பிரித்தார், சுருங்கி வெளுத்துக் கிடந்த காலை ஆவுடையப்பன் யாருடைய காலோ என்பது போலப் பார்த்தார். சாயங்காலம் மந்திரமூர்த்தி வந்தார். இத்தனை நாள் வாசலில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனவர், இன்றைக்கு வாசலைத் தாண்டி உள்ளே வந்து, கட்டிலுக்கு எதிரே நின்றார். வெல்ல வாசம் வீடு முழுக்கப் பரவியது. எட்டு வீட்டிலும் சட்டென்று சத்தம் அடங்கியது. கரண்டி கூடப் பேசவில்லை.

"அண்ணாச்சி" என்றார் மந்திரமூர்த்தி. "அம்மன் வந்துச்சு. கும்பிட்டது தப்பில்ல."

ஆவுடையப்பன் அறியாமல் தலையாட்டினார்.

"ஆனா ஏணியைப் பிடிச்சிருந்தவன் நான். கையை எடுக்கேன், பிடிச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கும்பிட்டிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு." கண்ணாடிக்கு முன்னால் சொன்னதை விட நன்றாக வந்தது, எங்கும் குழறவில்லை, அழவில்லை. "என்னை..."

நின்றது.

அந்த வார்த்தை ஆவுடையப்பன் நாக்கு நுனியில் இருந்தது. அவர் உதடு கூட அசைந்தது. எடுத்துக் கொடுத்தால் போதும், மந்திரமூர்த்தி சொல்லிவிடுவார், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் எடுத்துக் கொடுத்தால் கொடுத்தவர் ஆவுடையப்பன் என்று ஆகிவிடும். தனக்கு வரவேண்டியதைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாங்குகிற பழக்கம் அவரிடம் என்றைக்கும் கிடையாது. அப்போதுதான் இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. அந்த வார்த்தை வந்தால் பதிலுக்கு இவர் ஏதாவது சொல்லவேண்டும். ரெண்டு மாசம் படுத்துக் கிடந்தும் அதை ஒருநாளும் யோசிக்கவே இல்லை.

"என்னை..." என்றார் மந்திரமூர்த்தி மறுபடியும். நெற்றி வேர்த்தது. பிறகு, "என்னை அடுப்பு பாக்கச் சொல்லியிருக்காக அண்ணாச்சி, ராத்திரி ஷிப்ட்டு. நாளைக்கு வாரேன்" என்றார் ஒரே மூச்சில்.

"நாளைக்கு நேரத்தோட வாரும்" என்றார் ஆவுடையப்பன். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "நின்னுக்கிட்டே பேசினா பேச்சு வராது. உக்காந்து பேசும்."

மந்திரமூர்த்தி போனார். செல்லத்தாய் வீட்டில் யாரோ அடக்கிவைத்த மூச்சை விட்ட சத்தம் கேட்டது.

"நீங்கதான் எடுத்துக் குடுத்திருக்கலாமுல்லா?" என்றாள் வடிவு. "பாவம், வேர்த்து ஊத்திட்டு அவுகளுக்கு."

"நான் எதுக்குக் குடுக்கணும்? அது அவன் எனக்குக் குடுக்கவேண்டியது. ஒத்த வார்த்தை. அதையும் வாங்காம விட மாட்டேன்."

"நாளைக்கும் அங்கயே வந்து நின்னுட்டாகன்னா?"

"நாளன்னைக்கு வரட்டும்."

ஆவுடையப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். புதுக்கால் நடுங்கியது. ரெண்டு மாசத்துக்குப் பிறகு வைத்த முதல் அடியிலும் ரெண்டாம் அடியிலும் அவர் மூலையில் கிடந்த ஸ்டூலை எட்டிப் பிடித்து, மேலே அப்பியிருந்த கடலைத்தோலை ஊதித் துடைத்து, கட்டிலுக்கு எதிரே, பேசுகிறவர் முகம் சரியாகத் தெரிகிற தூரத்தில் இழுத்துப் போட்டார்.